சுடுமணலில் தெரிந்த அமெரிக்கன்: வெளிநாட்டில் தம்மை மறைக்கும் அமெரிக்கர்களின் கதை

கடந்த வருட நல்லூர்த் திருவிழாவுக்கு என் சின்னம்மாவின் மகன் வந்திருந்தான். நியூ ஜேர்சியில் பிறந்து வளர்ந்தவன். வயது 24. கையில் இருப்பது அமெரிக்கக் கடவுச்சீட்டு. ஊர்க்காரனைப் போல இருக்கவேண்டும் என்று விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டான். தொப்பியையும் வெள்ளைச் சப்பாத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தான். யாழ்ப்பாணம் வந்த மறுநாள் சந்தைக்குப் போய் ஒரு சோடி பாட்டாவும் வேட்டியும் வாங்கினான். கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்தான். "அக்கா, இப்ப நான் லோக்கல் மாதிரி இருக்கிறனா?" என்று கேட்டான்.

நல்லூருக்குள் ஆண்கள் மேலாடை இல்லாமல்தான் போகவேண்டும். பாட்டாவையும் வெளியில் விட்டாயிற்று. அவன் உடம்பில் வேட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. நிறமும் முகமும் எங்களுடையவை. காட்டிக்கொடுக்க இனி என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். வீதி மணலில் பத்தடி நடந்திருப்போம். கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி எந்த நாட்டில இருந்து வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

அவன் வாயே திறக்கவில்லை. "எப்பிடி ஆச்சி கண்டுபிடிச்சனீங்கள்?" என்று நான்தான் கேட்டேன்.

"காலைப் பாருங்கோ பிள்ளை. சுடுமணலில துள்ளித் துள்ளிப் போறார். எங்கட பிள்ளையள் இப்பிடியே நடக்குதுகள்?"

அன்றிரவு முற்றத்தில் இருந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்போதுதான் அவன் சொன்னான், வெளிநாட்டுக்குப் போகும்போது அமெரிக்கன் என்று தெரியாமல் இருப்பது எப்படி என்பது அங்கே பலரும் பேசுகின்ற, எழுதுகின்ற ஒரு விடயம் என்று. உலகத்தின் மிகப் பலம்வாய்ந்த அரசுகளில் ஒன்றின் பிரஜைகள் ஏன் தம்மை மறைக்க வேண்டும்? அடையாளத்தை மறைத்து வாழ்வது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். எனவே இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

எவை காட்டிக்கொடுக்கின்றன?

முதலில் உடை. பேஸ்போல் தொப்பி, ஓட்டப் பயிற்சிக்குரிய வெள்ளைச் சப்பாத்து, பல்கலைக்கழகப் பெயர் பொறித்த மேற்சட்டை, நகரத்துக்குள்ளும் அரைக்காற்சட்டை. இவற்றைப் பார்த்தவுடன் ஐரோப்பாவில் கடைக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள் என்பது அமெரிக்கப் பயணிகளின் பொதுவான அனுபவம். உடையை மாற்றுவது எளிது. ஒரு கடைக்குப் போய் வந்தால் போதும்.

அடுத்தது குரல். உணவகத்தில் பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி பேசுவது, முன்பின் தெரியாதவரைப் பார்த்துப் புன்னகைப்பது, கடைக்காரரிடம் சுகம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நகர்வது. அமெரிக்காவில் இவை மரியாதை. வேறு இடங்களில், குறிப்பாக வடக்கு ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும், காரணமில்லாமல் சிரிக்கும் அந்நியரைச் சற்றுச் சந்தேகத்துடன்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது, யோசிக்காமல் செய்யும் சின்னச் சின்ன விடயங்கள். எந்த நாடு என்று கேட்டால் நாட்டின் பெயரைச் சொல்லாமல் கலிபோர்னியா, டெக்சாஸ் என்று மாநிலத்தின் பெயரைச் சொல்வது. திகதி எழுதும்போது மாதத்தை முதலில் எழுதுவது. குளிர்பானத்துக்கு ஐஸ் கேட்பது. வெப்பநிலையை பாரன்ஹைட்டில் சொல்வது. ஒன்று என்று காட்ட ஆட்காட்டி விரலை நீட்டுவது. ஜேர்மனி போன்ற நாடுகளில் ஒன்றுக்குப் பெருவிரலைத்தான் நீட்டுவார்கள்.

சாப்பாட்டு மேசையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அமெரிக்கர்கள் இறைச்சியை வெட்டும்போது வலது கையில் கத்தியும் இடது கையில் முள்ளுக்கரண்டியும் வைத்திருப்பார்கள். வெட்டி முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முள்ளுக்கரண்டியை வலது கைக்கு மாற்றிச் சாப்பிடுவார்கள். ஐரோப்பியர்கள் அதைக் கை மாற்றுவதில்லை, இடது கையாலேயே வாய்க்குக் கொண்டுபோவார்கள். இந்த ஒரு அசைவு போதும், ஆள் எந்தக் கண்டம் என்று சொல்லிவிடலாம்.

உளவாளிகள் படித்த பாடம்

சுற்றுலாப் பயணி ஒருவர் அடையாளம் தெரிந்துவிட்டால் ஓட்டோவுக்குக் கொஞ்சம் கூடக் காசு கொடுக்க நேரிடும். ஆனால் உயிர் போகுமென்ற நிலையில் இதே பாடத்தைப் படித்த அமெரிக்கர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மனி கைப்பற்றியிருந்த நாடுகளுக்குள் ஆட்களை அனுப்பிய அமெரிக்க உளவு அமைப்பு, ஐரோப்பாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களிடம் பழைய உடைகளைச் சேகரித்தது. புதிதாகத் தைத்த உடைகளில் பொத்தானைக்கூட ஐரோப்பிய முறையில் தைத்தார்கள். அமெரிக்காவில் நான்கு துளைப் பொத்தானுக்கு நூலைக் குறுக்குமறுக்காக ஓட்டுவார்கள், ஐரோப்பாவில் இணைகோடுகளாக ஓட்டுவார்கள். நூல் ஓடும் திசையே ஒருவரின் உயிரை எடுத்துவிடலாம்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் வேர்ஜீனியா ஹோல். 1906இல் பால்டிமோரில் பிறந்தவர். 1933இல் துருக்கியில் வேட்டைக்குப் போனபோது துப்பாக்கி தவறுதலாக வெடித்ததில் இடது காலின் கீழ்ப்பகுதியை இழந்தவர். மரக்காலுடன் முதலில் பிரித்தானியர்களுக்காகவும் பின்னர் அமெரிக்கர்களுக்காகவும் பிரான்ஸுக்குள் வேலை செய்தார். நொண்டி நடக்கும் ஒரு பெண்ணை ஜேர்மன் இரகசியப் பொலிஸார் தேடிக்கொண்டிருந்தார்கள். 1944இல் அவர் மறுபடி பிரான்ஸுக்குள் போனபோது கிழவியாகப் போனார். தலைமயிருக்கு நரைச்சாயம் பூசினார். மரக்காலை மறைக்கவும் உடம்பைப் பருமனாகக் காட்டவும் அடுக்கடுக்காகப் பாவாடை அணிந்தார். வரிசையான வெள்ளைப் பற்கள் அமெரிக்கப் பெண் என்று காட்டிவிடும் என்பதால் இலண்டனில் ஒரு பல்வைத்தியரிடம் அவற்றை அராவிக்கொண்டார். இத்தனைக்குப் பிறகும் அவருடைய பிரெஞ்சு மொழியில் அமெரிக்க வாடை போகவில்லை. எனவே முடிந்தவரை பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

பல்லை அராவலாம், நாக்கை மாற்ற முடியாது. கடவுச்சீட்டு, முத்திரை எல்லாவற்றையும்விட ஒரு சொல்லை உச்சரிக்கும் விதம் ஆளைக் காட்டிவிடும். இதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கலவர காலங்களில் வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரைப் பிரித்தெடுத்த கதையை நாங்கள் எல்லோரும் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறோம்.

பிற்காலத்தில் சீ.ஐ.ஏ.யின் மாறுவேடப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜோனா மென்டெஸ், ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பயிற்சியைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அமெரிக்கர்கள் நிற்கும்போது ஒரு காலில் பாரத்தைப் போட்டு, எதிலாவது சாய்ந்து நிற்பார்கள். ஐரோப்பியர்கள் இரு கால்களிலும் பாரம் போட்டு நிமிர்ந்து நிற்பார்கள். ஆகவே முள்ளுக்கரண்டி பிடிப்பதோடு, நிற்பதற்கும் அவர்கள் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்ததாம். அதைக் கேட்டபோது எனக்கு நல்லூர் ஆச்சிதான் நினைவுக்கு வந்தார். எந்த உளவு அமைப்பிலும் பயிற்சி எடுக்காமலே அவருக்குக் கால்களைப் படிக்கத் தெரிந்திருந்தது.

மேப்பிள் இலையின் நிழலில்

ஒரு சாதாரண அமெரிக்கப் பயணி இவ்வளவு பாடுபட மாட்டார். அவருக்கு எளிதான வழி ஒன்று இருக்கிறது. கனேடியர் என்று சொல்லிவிடுவது. பேச்சு ஏறக்குறைய ஒன்று, முகமும் ஒன்று. முதுகுப் பையில் ஒரு மேப்பிள் இலைக் கொடியைத் தைத்துவிட்டால் போதும்.

கனடாவின் இன்றைய கொடியே 1965இல்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வியட்நாம் யுத்தம் உக்கிரமடைந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்திலிருந்தே ஐரோப்பாவில் சுற்றித் திரிந்த அமெரிக்க இளைஞர்கள் சிலர் இந்தக் கொடியைப் பையில் ஒட்டிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். ஈராக் யுத்தத்துக்குப் பின்னர், 2004இல், கொடிச் சின்னமும் மேற்சட்டையும் கனடாவைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சிறு வழிகாட்டியும் அடங்கிய ஒரு பொதியை அமெரிக்க நிறுவனமொன்று விற்பனைக்கே விட்டது. 2025இல் அமெரிக்க ஜனாதிபதி கனடா மீது வரிகளை விதித்து, கனடாவைத் தமது 51ஆவது மாநிலமாக்குவது பற்றிப் பேசியபோது, இந்தப் பழக்கம் மறுபடி செய்தியாகியது. இம்முறை கனேடியர்களுக்குக் கோபம் வந்தது. எங்களை விழுங்கப் பார்க்கும் நாட்டின் ஆட்கள் எங்களுடைய கொடிக்குள்ளேயே ஒளிவதா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

இந்த மாறாட்டம் ஆறு பேரின் உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறது. 1979 நவம்பர் 4இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 52 பேர் 444 நாட்கள் பணயக்கைதிகளாக இருந்தார்கள். கைப்பற்றப்பட்ட அன்று தப்பிய ஆறு பேருக்குக் கனேடியத் தூதுவர் கென் டெய்லரும் அவருடைய சக இராஜதந்திரியும் தமது வீடுகளில் அடைக்கலம் கொடுத்தார்கள். கனேடிய அரசாங்கம் அந்த ஆறு பேருக்கும் உண்மையான கனேடியக் கடவுச்சீட்டுகளை வழங்கியது. படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்த கனேடியத் திரைப்படக் குழுவினர் என்ற வேடத்தில், 1980 ஜனவரி இறுதியில், அவர்கள் விமானம் ஏறினார்கள். நடவடிக்கையை முன்னின்று நடத்தியவர் ஜோனாவைப் பின்னாளில் மணந்த டோனி மென்டெஸ். இதைத்தான் 2012இல் வெளிவந்த 'ஆர்கோ' திரைப்படம் கதையாக்கியது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விடயம் உண்டு. சீ.ஐ.ஏ. தயாரித்த போலி விசாக்களில் ஈரானிய நாட்காட்டித் திகதி பிழையாக இருந்தது. பாரசீகம் வாசிக்கத் தெரிந்த கனேடியத் தூதரக அதிகாரி ஒருவர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னதால்தான் திருத்த முடிந்தது. பெரிய அமைப்பின் தொழில்நுட்பம் கோட்டைவிட்ட இடத்தில், அந்த நாட்டின் எழுத்தைப் படித்து வைத்திருந்த ஒருவர் ஆறு பேரைக் காப்பாற்றினார்.

ஏன் மறைக்க வேண்டும்?

பயம் முழுக்கக் கற்பனை அல்ல. 1985 ஜூன் 14இல் ஏதென்ஸிலிருந்து ரோம் நோக்கிப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 847 விமானம் கடத்தப்பட்டது. அதில் இருந்த அமெரிக்கக் கடற்படைச் சுழியோடி ரொபர்ட் ஸ்டெதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருடம் ஒக்டோபரில் 'அக்கிலே லோரோ' என்ற இத்தாலியக் கப்பலைக் கடத்தியவர்கள், சக்கர நாற்காலியில் இருந்த லியோன் கிளிங்ஹோபர் என்ற 69 வயது யூத அமெரிக்கரைக் கொன்று கடலில் வீசினார்கள். ஒருவருடைய கடவுச்சீட்டும் அடையாளமும் அவர் செய்யாத ஒன்றுக்கான தீர்ப்பாக மாறின.

அதனால் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் தன் பிரஜைகளுக்கு அடிக்கடி சொல்லும் அறிவுரை, கவனத்தை ஈர்க்காமல் நடந்துகொள்ளுங்கள் என்பது. 2018 முதல் உலக நாடுகளை நான்கு படிகளாகப் பிரித்துப் பயண ஆலோசனை வெளியிடுகிறார்கள். எங்கள் கிழக்கு மாகாணமும் இதன் சூட்டை அனுபவித்தது. 2024 ஒக்டோபர் 23இல் அறுகம்பேயில் தாக்குதல் அபாயம் இருப்பதாகக் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விடுத்து, தம் பிரஜைகளை அங்கு போகவேண்டாம் என்றது. பொத்துவில் பக்கத்தில் அறைகளையும் ஓட்டோவையும் நம்பிப் பிழைப்பவர்களுக்கு அந்த ஒரு அறிவித்தலின் கனம் தெரியும்.

பயம் ஒன்று, வெட்கம் இன்னொன்று. 1958இல் வில்லியம் லெடரரும் யூஜின் பர்டிக்கும் எழுதிய 'அசிங்கமான அமெரிக்கன்' என்ற நாவல் அங்கே பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. ஆசியாவில் ஒரு கற்பனை நாடு. அங்கே இருக்கும் அமெரிக்கத் தூதுவருக்கு உள்ளூர் மொழி தெரியாது, விருந்துகளுக்கு வெளியே மக்களைப் பார்த்ததும் இல்லை. நாவலின் தலைப்பு பிறகு இப்படிப்பட்டவர்களைக் குறிக்கும் வசையாக நிலைத்துவிட்டது. ஆனால் கதையில் அசிங்கமான தோற்றமுள்ளவர் நல்லவர். கிராமத்தவர்களோடு இருந்து, சைக்கிளால் இயங்கும் நீரிறைக்கும் பம்பி செய்து கொடுக்கும் பொறியியலாளர் அவர். பெயர் எப்படித் தலைகீழாகிப் போனது பாருங்கள். 1961இல் ஜனாதிபதி கென்னடி அமைதிப்படைத் தொண்டர் அமைப்பை ஆரம்பித்து, உள்ளூர் மொழி படித்து உள்ளூர் மக்களோடு வாழ அமெரிக்க இளைஞர்களை அனுப்பினார். 1962இல் அந்தத் தொண்டர்கள் இலங்கைக்கும் வந்தார்கள். 1998இல் பாதுகாப்புக் காரணத்தால் இங்கிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டார்கள்.

மறைய முடியாத அமெரிக்கர்கள்

இதுவரை சொன்ன அறிவுரைகள் எல்லாம் ஒரு வகை அமெரிக்கரை மனதில் வைத்தவை. ஐரோப்பாவில் தொப்பியைக் கழற்றினால் கூட்டத்தில் கரைந்துவிடக்கூடிய வெள்ளை அமெரிக்கரை. மற்றவர்களுக்கு?

கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் 1951இல் சுவிட்சர்லாந்தின் லொய்க்கர்பாட் என்ற மலைக்கிராமத்துக்குப் போய்த் தங்கினார். அந்த ஊரார் அதற்கு முன் கறுப்பரைக் கண்டதில்லை. பிள்ளைகள் தெருவில் அவரைப் பார்த்துக் கூவினார்கள். தலைமயிரைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர் அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்று ஊருக்கே தெரியும். ஆனால் கறுப்பர் என்றால் ஆபிரிக்கா என்று நினைத்திருந்தவர்களால் அதை நம்ப முடியவில்லை. இதை அவர் 1953இல் கட்டுரையாக எழுதினார். இவருக்கு அமெரிக்கன் என்று மறைப்பது பிரச்சினையாக இருக்கவில்லை. அமெரிக்கன் என்று நம்பவைப்பதுதான் பிரச்சினை.

அதன் மறுபக்கத்தை சைடியா ஹார்ட்மன் 2007இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களின் வழிவந்த அமெரிக்கரான அவர், மூதாதையர்களின் தடத்தைத் தேடிக் கானாவுக்குப் போனார். நிறத்தால் அங்கே ஒன்றாகிவிடலாம் என்று நினைத்திருக்கலாம். அங்குள்ளவர்கள் அவரை 'ஒப்ருனி' என்று அழைத்தார்கள். அந்நியர் என்று பொருள். அந்த வார்த்தையைப் படித்தபோது, சுடுமணலில் துள்ளிய என் தம்பியின் கால்கள்தான் கண்ணுக்குள் வந்தன.

சொந்த நாட்டுக்குள்ளும் எல்லோருக்கும் பயணம் ஒன்றல்ல. ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936இல் ஒரு கையேட்டை வெளியிடத் தொடங்கினார். கறுப்பினத்தவர் காரில் போகும்போது எந்த விடுதியில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே எரிபொருள் நிரப்பலாம் என்று சொல்லும் கையேடு. 1960களின் நடுப்பகுதி வரை அது வெளிவந்தது.

2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்கு நான்கு நாட்களின் பின் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் தன் எரிபொருள் நிலையத்தின் முன்னால் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையைப் பார்த்து முஸ்லிம் என்று நினைத்துக் கொன்றான் கொலையாளி. அந்த வருடம்தான் என் தம்பி பிறந்தான். சித்தப்பா அப்போது நியூ ஜேர்சியில் ஒரு எரிபொருள் நிலையத்தில் இரவு வேலை. தாக்குதல் நடந்த வாரமே கண்ணாடியில் பெரிய அமெரிக்கக் கொடி ஒன்றை ஒட்டிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். "கொடி ஒட்டினால்தான் பிள்ளை இரவில கதவைத் திறந்து வைக்கலாம்" என்றார். வெளிநாட்டில் வெள்ளை அமெரிக்கர் கொடியை மறைக்கிறார். உள்நாட்டில் மண்ணிற அமெரிக்கர் கொடியைத் தொங்கவிடுகிறார். இரண்டும் பயத்தால்தான். ஆனால் ஒரே பயம் அல்ல.

பையின் அடியில் இருப்பது

அந்தப் பயத்தின் வித்தியாசத்தை எனக்குக் காட்டியது ஒரு சிறு சம்பவம். தம்பி வந்து ஒரு வாரமிருக்கும். பருத்தித்துறையிலிருந்து ஓட்டோவில் இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் சோதனைக்காக நிறுத்தினார்கள். என் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன வேலை என்று கேட்டார்கள். தம்பி பையின் அடியிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து நீட்டினான். ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஓகே சேர்" என்று சிரித்தபடி கொடுத்துவிட்டார்கள்.

வந்த நாளிலிருந்து அவன் மறைக்கப் பாடுபட்ட பொருள் அது. தேவைப்பட்டபோது அதுவே அவனைக் காத்தது. அமெரிக்கர்களில் பலருக்கு வெளிநாட்டில் கலந்துவிடுவது என்பது அணிந்து கழற்றக்கூடிய ஒரு சட்டை. கழற்றினால் உள்ளே தூதரகம் இருக்கிறது, விமானம் இருக்கிறது, அவர்களுக்காகப் பேசும் ஓர் அரசு இருக்கிறது. ஸ்டெதமுக்கும் கிளிங்ஹோபருக்கும் அது உதவவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவை விதிவிலக்குகள்.

எங்களுக்கு இருந்தது நேர்மாறு. 2007இல் அம்மா என்னை ஒரு வேலையாகக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். பஸ் ஏறுவதற்கு முன் சேலைத் தலைப்பால் தன் பொட்டைத் துடைத்தார். பிறகு என் நெற்றியையும் துடைத்துவிட்டு, "பஸ்ஸுக்குள்ள வாய் திறக்காதை. என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டு" என்றார். பொட்டைத் துடைத்தோம், வாயை மூடினோம். ஆனால் பையின் அடியில் அடையாள அட்டை இருந்தது. அப்போது தமிழருடைய அட்டையில் சிங்களத்தோடு தமிழ் எழுத்தும் இருக்கும், சிங்களவருடைய அட்டையில் சிங்களம் மட்டும்தான். அதை நீட்டியவுடன் முடிந்தது. அந்த வருடம் ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. நாங்கள் மறைக்க முயன்ற பொருள்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. அதற்குப் பின்னால் எங்களுக்காக யாரும் இல்லை.

தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் செய்தது விளையாட்டு மாதிரி என்ன அக்கா?" என்று கேட்டான். விளையாட்டு இல்லை, ஆனால் வேறு என்றேன். எப்படி வேறு என்று அப்போது எனக்குச் சரியாகச் சொல்லவரவில்லை.

அந்தக் கை

இரண்டு நாள் கழித்து ஓர் ஐஸ்கிறீம் கடைக்குப் போயிருந்தோம். தெற்கிலிருந்து வந்த குடும்பமொன்று பக்கத்து மேசையில் இருந்தது. ஐந்தாறு வயதுச் சிறுவன் சிங்களத்தில் சத்தமாக ஏதோ கேட்டான். தாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். சிறுவன் அடங்கிவிட்டான்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். 2007இல் என் தோளில் இருந்த கை அது.

இரண்டும் சமம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தத் தாய் கடையை விட்டு வெளியே வந்தால், வீதியில் நிற்கும் பொலிஸார் அவருடைய மொழி பேசுபவர்கள். அவருடைய அடையாள அட்டை அவரைக் காப்பாற்றும். ஆனால் அந்தச் சிறுவன் யாரையும் எதுவும் செய்யவில்லை. அந்தக் குடும்பம் உள்ளே வந்தபோது நான் அவர்களை எப்படிப் பார்த்தேன் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தாயும் பிள்ளையும் என்று பார்க்கவில்லை. அமெரிக்கரைக் கண்டவுடன் ஈராக்கைப் பார்ப்பவர்களைப் போலத்தான் பார்த்தேன். எங்களை அப்படிப் பார்த்ததால் வந்த நாசத்தை அனுபவித்தவர்களுக்கும் அந்தப் பார்வை இவ்வளவு சுலபமாக வருகிறதே என்பது அன்று என்னை உறுத்தியது. இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்படியானால் என்ன செய்வது?

வெளிநாடு போகும் அமெரிக்கர்களுக்கு மட்டுமல்ல, புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கும் சேர்த்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உடையை மாற்றுவதை விடக் குரலைத் தாழ்த்துவது பயன் தரும். பத்துச் சொற்களையாவது அந்த ஊர் மொழியில் பழகிக்கொண்டு போகலாம். பிழையாகச் சொன்னாலும் யாரும் அடிக்கமாட்டார்கள். மற்றவர்கள் எங்கே செருப்பைக் கழற்றுகிறார்கள், எந்தக் கையால் கொடுக்கிறார்கள், வரிசையில் எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்று முதல் நாள் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கலாம். படம் எடுக்க முன் கேட்க வேண்டும். யுத்தம் நடந்த ஊர் என்றால், முதல் சந்திப்பிலேயே உங்கள் வீட்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்காமல் இருக்கவேண்டும். தேநீர் கொடுத்தால் குடிக்கவேண்டும். கதை தானாக வரும்.

இப்படி இருப்பவரை வெளிநாட்டுக்காரர் என்று ஊர் உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் ஒன்றும் குறைந்துபோவதில்லை. ஊர் எதிர்பார்ப்பது வேடத்தை அல்ல, விருந்தாளிக்குரிய அடக்கத்தை.

தம்பி திரும்பிப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் மறுபடி நல்லூருக்குப் போனோம். மணல் சூடு ஆறியிருந்தது. அவன் துள்ளாமல் நடந்தான். கச்சான் ஆச்சி எங்களைக் கண்டுவிட்டார்.

"தம்பி அண்டைக்கு நீங்கள் எந்த நாடெண்டு சொல்லேல்லையே?"

"அமெரிக்கா ஆச்சி" என்றான் அவன், தட்டித் தடுமாறிய தமிழில். "அம்மா புங்குடுதீவு."

ஆச்சியின் முகம் மாறியது. "புங்குடுதீவோ? அங்க எத்தினையாம் வட்டாரம்?"

அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லவில்லை. அவன் தொலைபேசியை எடுத்து நியூ ஜேர்சிக்கு அழைத்தான். அங்கே அப்போது காலை. "அம்மா, நாங்கள் எத்தினையாம் வட்டாரம்?" என்று கேட்டுவிட்டு, சின்னம்மா பதில் சொல்லத் தொடங்கியதும் தொலைபேசியை ஆச்சியிடமே கொடுத்துவிட்டான். அவர்கள் இருவரும் நெடுநேரம் பேசினார்கள். நாங்கள் கச்சான் சாப்பிட்டுக்கொண்டு மணலில் இருந்தோம்.